சௌந்தரவல்லியால் வந்த சண்டை

கிறிஸ்துநாயகம் ஐம்பது வயதாகும்வரை ஒரு புத்தகத்தையும் முழுதாக வாசித்ததில்லை. அதை அவர் ஒளித்ததும் இல்லை. பண்டத்தரிப்பிலிருந்து வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார். சீனியும் சீமெந்தும் ஏற்றிக்கொண்டு திரும்புவார். வாசிப்பதற்கு றோட்டோரத்துப் பெயர்ப்பலகைகள் போதும் என்பது அவருடைய எண்ணம். தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டு, பாதை அடைபட்டு, டீசல் என்பது பெயரளவில் மட்டும் கேள்விப்படுகிற பொருளாக ஆன பிறகு, லொறியை வீட்டு வளவுக்குள் நாலு கல்லில் ஏற்றி நிறுத்தினார். சில்லுகளைக் கழற்றி அறைக்குள் அடுக்கினார். அதற்குப் பிறகு அவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

வேலையில்லாத மனிதர் வீட்டில் இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. காலையில் லொறியின் கண்ணாடியைத் துடைப்பார். உள்ளே ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு இறங்கிக் குசினி வாசலில் வந்து நின்று மனைவி அக்கினேசம்மாவுக்குச் சமையல் சொல்லிக் கொடுப்பார்.

அக்கினேசம்மா பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் பக்கத்து வளவுக்குப் போனார்.

"தியாகண்ணை, எங்கடை மனிசனுக்கு ஏதும் புத்தகம் குடுங்கோ. இவ்வளவு காலமா மீன் காய்ச்சிற எனக்கு, எவ்வளவு புளி விடவேணுமெண்டு சொல்லித்தர வெளிக்கிட்டிட்டார். இப்பிடியே போனா எங்கள் ரெண்டு பேரிலை ஒராள் கெதியா மாதாவிட்டைப் போய்ச் சேரும்."

தியாகலிங்கம் சுன்னாகம் ரயில் நிலையத்தில் ரிக்கற் விற்றவர். ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வரும்வரை வாசிப்பார். ரயில் நின்றதும் உத்தியோகம் நின்றது, வாசிப்பு நிற்கவில்லை. இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருந்தார். இரவல் கொடுப்பதில் அவருக்குக் கஞ்சத்தனமே கிடையாது. இருந்தும் அவரிடம் புத்தகம் வாங்க ஊரில் ஒருவரும் வருவதில்லை. காரணம், கொடுத்த மறுநாளே கேள்வி தொடங்கிவிடும். "எதுமட்டும் வந்திட்டீர்? ஆத்தங்கரைக் கட்டம் வந்திட்டுதோ? எப்பிடி?" சந்தையில் கேட்பார். சலூனில் முகத்தில் சவர்க்கார நுரையோடு இருப்பவரிடம் கேட்பார். ஒருமுறை செத்த வீட்டில், வாய்க்கரிசி போட்டுவிட்டுத் திரும்பிய மனிதரை மறித்துக் கேட்டு, மனைவி குணலட்சுமியிடம் நன்றாக வாங்கிக் கட்டினார்.

அப்படிப்பட்டவரிடம் ஒருத்தி தானாக வந்து புத்தகம் கேட்கிறாள். தியாகலிங்கம் அலுமாரிக்கு முன்னால் போய் நின்றார். இதை எடுத்தார், அதை எடுத்தார், தலையை ஆட்டி ஆட்டித் திரும்ப வைத்தார். கடைசியில் அவர் எடுத்துக் கொடுத்தது சௌந்தரவல்லியை.

அந்தப் புத்தகத்தின் உண்மையான பெயர் என்ன, எழுதியது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அட்டையும் முதல் தாள்களும் போய்விட்டன. யாரோ ஒரு பயணி தான் இருந்த ஸ்ரேசன் வாங்கில் மறந்துவிட்டுப் போனது. உரியவர் வந்து கேட்பார் என்று தியாகலிங்கம் மேசை லாச்சியில் வைத்துக் காத்திருந்தார். காத்திருந்த நேரத்தில் வாசித்தார். பிறகு யாரும் வந்து கேட்டுவிடக் கூடாதே என்று பயப்படத் தொடங்கினார். கதாநாயகியின் பெயர் சௌந்தரவல்லி. ஆகவே புத்தகமும் சௌந்தரவல்லி.

கதை இந்தியாவில் ஒரு சின்ன ஊரில் நடக்கிறது. சௌந்தரவல்லிக்குக் கலியாணமாகிச் சில மாதத்தில் புருஷன் பர்மாவுக்குப் போகிறான். பிறகு பல வருஷம் ஒரு சேதியும் இல்லை. அவளும் மாமியாரும் ஒரு பசுமாட்டை வைத்துச் சீவியத்தை ஓட்டுகிறார்கள். கடைசியில் ஒருநாள், வருகிறேன் என்று தந்தி வருகிறது. மாமியார் சோற்றுக்கு உலை வைக்கிறாள். சௌந்தரவல்லி ஸ்ரேசனுக்குப் போகிறாள். வண்டி வந்து நிற்கிறது. தோல் பெட்டியோடு ஒருவர் இறங்கி நாலு பக்கமும் பார்க்கிறார். சௌந்தரவல்லி அவரை ஒருமுறை பார்க்கிறாள். பிறகு அதே வண்டியில் ஏறிப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் கதை.

கிறிஸ்துநாயகம் அதை லொறிக்குள் இருந்து வாசித்தார். எழுத்துக் கூட்டுகிறவர்போல உதடு அசையும். முதல் சில நாள் ஒரு பக்கத்துக்கு ஒருமுறை கொட்டாவி வந்தது. பிறகு, முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அக்கினேசம்மாவுக்கு லொறிக்குள்ளிருந்து "அட பாவி!" என்று ஒரு சத்தம் கேட்டது. அன்று மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது, "பொறப்பா, கப்பல் வெளிக்கிடப் போகுது" என்று பதில் வந்தது. மீன் குழம்பில் எவ்வளவு புளி என்று அவர் கவனிக்கவேயில்லை. அக்கினேசம்மா மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தார். மெழுகுதிரி கடையில் இல்லாதபடியால் அது நேர்த்தியாகவே இருந்தது.

பின்னேரங்களில் கிறிஸ்துநாயகம் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து தியாகலிங்கத்தின் மாமரத்தடி வாங்கில் இருப்பார். குணலட்சுமி பனங்கட்டித் துண்டோடு பிளேன்ரீ கொண்டுவந்து வைப்பார். இரண்டு பேரும் கதைக்கத் தொடங்குவார்கள்.

"தியாகண்ணை, மழைக்குள்ளை வண்டில்காரன் ஆத்தைக் கடக்கிறானே, அது பிழை. பாரத்தோடை அந்த இடத்திலை இறக்கப்படாது. நானெண்டா மேற்காலை சுத்திப் போயிருப்பன்."

"மேற்காலை பாதை இருக்கெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"முதலே சொல்லியிருக்குதே. கோயில் தேர் வாறது மேற்கு றோட்டாலை. தேர் வாற றோட்டிலை வண்டில் வராதோ?"

தியாகலிங்கம் வாயைப் பிளந்தார். எத்தனையோ தரம் வாசித்த புத்தகம். தேரையும் வண்டிலையும் அவர் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. ஈர்க்கினால் மண்ணில் ஆற்றைக் கீறினார். கிறிஸ்துநாயகம் றோட்டைக் கீறினார். சௌந்தரவல்லியின் வீடு, மாட்டுக் கொட்டில், ஸ்ரேசன் எல்லாம் மாமரத்தடியில் வந்தன. கோழிகள் வந்து கிளறிவிட்டால் மறுநாள் திரும்பக் கீறினார்கள். இப்படி ஒரு மனிதர் தனக்குக் கிடைப்பார் என்று தியாகலிங்கம் நினைத்ததே இல்லை. ரயில் நின்றதுகூட நல்லதுக்குத்தானோ என்று ஒருநாள் மனைவியிடம் சொல்லி, அதற்கும் பேச்சு வாங்கினார்.

கடைசி அத்தியாயத்தை முடித்த அன்று கிறிஸ்துநாயகம் சவரம் செய்யாமல் வந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"என்ன, முடிஞ்சுதோ?" என்று தியாகலிங்கம் கேட்டார்.

"முடிஞ்சுது."

"எப்பிடி?"

"உவள் செய்தது சரியில்லை, தியாகண்ணை."

பகிடி விடுகிறார் என்று நினைத்துத் தியாகலிங்கம் சிரித்தார். "எது சரியில்லை? கட்டின கையோடை விட்டிட்டுப் போனவன். உயிரோடை இருக்கிறனெண்டு ஒரு சொல்லுக்கூட அனுப்பேல்லை. தந்தியடிச்ச உடனை அவள் மாலையோடை நிக்கவேணுமோ?"

"நிக்க வேண்டாம். போகட்டும். ஆனா ஒரு மனிசன் அவ்வளவு தூரத்தாலை வந்து இறங்கிறான். குளிக்கத் தண்ணி காட்டி, ஒரு பிடி சோறு போட்டிட்டுப் பிறகு போகலாம்தானே? உங்களுக்கு அது விளங்காது. பயணத்தாலை வந்து இறங்கேக்கை ஒரு முகமும் இல்லாட்டி எப்பிடியிருக்குமெண்டு எனக்குத்தான் தெரியும்."

"சோறு போட்டாப் பிறகு போக ஏலுமோ? அதுதானேயப்பா கதையே!"

"அதோடை அவள் ரிக்கற் எடுக்கேல்லை."

தியாகலிங்கத்துக்கு விளங்கவில்லை. "என்ன?"

"பிளாற்போம் ரிக்கற் மட்டும்தான் எடுத்தவள். புத்தகத்திலை கிடக்கு. அதோடைதான் வண்டி ஏறினவள். சீவிய காலம் முழுக்க ரிக்கற் வித்த மனிசன் நீங்கள், உதைச் சரியெண்டு சொல்லுறியள்."

தியாகலிங்கத்தின் காது சிவந்தது. அவர் இதையும் கவனித்ததில்லை. "வண்டிக்குள்ளை கார்ட்டிட்டை எடுக்கலாம்," என்றார்.

"எடுத்ததெண்டு எழுதிக் கிடக்கோ?"

"எழுதாட்டிலும் எடுத்திருப்பாள்! சௌந்தரவல்லி அப்பிடிப்பட்டவளில்லை!"

"அப்பிடிப்பட்டவளெண்டபடியாத்தானே புருசனைப் பிளாற்போமிலை விட்டிட்டுப் போனவள்."

"லொறிக்காரனிட்டை இந்தப் புத்தகத்தைக் குடுத்தது என்ரை பிழை."

சொன்ன உடனேயே தியாகலிங்கத்துக்கு நாக்கைக் கடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் கடிக்கவில்லை. கிறிஸ்துநாயகம் எழுந்தார். புத்தகத்தை வாங்கில் வைத்தார். மடங்கியிருந்த ஒரு தாளின் மூலையை உள்ளங்கையால் நீவிவிட்டார். பிறகு பொட்டுக்குள்ளால் போய்விட்டார். சற்று நேரத்தில் அந்தப் பக்கமிருந்து பொட்டை அடைத்து ஒரு பனங்காவோலை வந்து விழுந்தது. விடிந்ததும் இந்தப் பக்கமிருந்து தியாகலிங்கம் இன்னொரு காவோலையை இழுத்துப் போட்டார்.

அதன் பிறகு இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. ஒழுங்கையில் எதிர்ப்பட்டால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், மற்றவர் சைக்கிள் செயினைப் பார்ப்பார். கிறிஸ்துநாயகம் திரும்பக் குசினி வாசலுக்கு வந்தார். தியாகலிங்கம் புத்தகத்தை முதலிலிருந்து துருவினார், சௌந்தரவல்லி எங்காவது ரிக்கற் எடுத்திருக்கிறாளா என்று. அவள் எடுக்கவில்லை. புத்தகத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

திறப்புக் கொத்து குணலட்சுமியின் இடுப்பில் இருந்தது. மனிதரை இப்படி ஆட்டி வைக்கிற சிறுக்கி யாரென்று பார்ப்போம் என்று, தியாகலிங்கம் சந்தைக்குப் போன நேரத்தில் அவர் அலுமாரியைத் திறந்தார். ஒரு பக்கம் பார்ப்பதாக இருந்தவர் சோறு கருகும்வரை பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக முழுவதையும் முடித்து, அதற்குப் பிறகு தனியே வைத்திருக்க முடியாமல், சுளகில் முருங்கையிலைக்குக் கீழே மறைத்து வேலிக்கு மேலால் அக்கினேசம்மாவிடம் நீட்டினார். அக்கினேசம்மா அதை மாப்பேணிக்குள் ஒளித்துவைத்து வாசித்தார். முடித்ததும் அதே சுளகில் அது திரும்பி வந்தது. தாள்களுக்கிடையில் இருந்த ஒடியல் மாவைக் குணலட்சுமி தட்டித் துடைத்து வைத்தார். புருஷன்மார் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது.

இரண்டு வீட்டுக்கும் பங்கர் ஒன்றுதான். புத்தகச் சண்டைக்கு முந்திய நல்ல காலத்தில், விமானக் குண்டுக்கு ஒளிக்க இரண்டு வளவின் எல்லையில் சேர்ந்து வெட்டியது. பனங்குத்தி அடுக்கி மண்மூட்டை போட்டு மூடியிருந்தார்கள். அந்த வளவுக்கு ஒரு வாசல், இந்த வளவுக்கு ஒரு வாசல். உள்ளே நாலு பேர் முழங்காலை மடித்து இருக்கலாம். கோபமாக இருப்பதற்கு இடம் காணாது.

ஒருநாள் மத்தியானம், இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிகிற நேரம், சகடை வந்தது. ஊரார் அப்படிப் பெயர் வைத்திருந்த அந்த விமானம் மெதுவாக வரும், தாழப் பறக்கும், வட்டமடித்து வட்டமடித்துப் போடும். சத்தம் கேட்டதும் இந்த வாசலால் தியாகலிங்கமும் குணலட்சுமியும், அந்த வாசலால் கிறிஸ்துநாயகமும் அக்கினேசம்மாவும் இறங்கினார்கள். ஆண்கள் இரண்டு பேரும் முதுகோடு முதுகு ஒட்டி இருந்தார்கள். வேறு மாதிரி இருக்க முடியாது. அக்கினேசம்மா செபமாலையை உருட்டினார். குணலட்சுமி முருகனைக் கூப்பிட்டார்.

சகடை ஒருமுறை சுற்றியது. இரண்டாவது முறை சுற்றியபோது மாதகல் பக்கமாக ஒரு குண்டு விழுந்தது. நிலம் உதறியது. பனங்குத்தி இடுக்கால் மண் கொட்டித் தியாகலிங்கத்தின் மொட்டைத் தலையில் விழுந்தது.  ஒட்டியிருந்த முதுகு நடுங்குவது தியாகலிங்கத்துக்குத் தெரிந்தது. தன்னுடைய முதுகும் அப்படித்தான் நடுங்குகிறதென்று அவருக்கும் தெரியும்.

இருட்டுக்குள் கிறிஸ்துநாயகத்தின் குரல் வந்தது. "இப்ப செத்தாலும் சொல்லிப்போட்டுத்தான் சாவன். ஒரு பிடி சோறு போட்டிருக்கலாம்."

தியாகலிங்கம் தலையில் இருந்த மண்ணைத் தட்டினார். "செத்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டன்."

"ரிக்கற்றுக்குப் பதிலில்லை உங்களிட்டை."

"ரிக்கற், ரிக்கற்! ஒரு பொம்பிளையின்ரை சீவியம் முழுக்கப் போச்சுது, உமக்கு ரிக்கற்தான் பெரிசு!"

"ரிக்கற் வித்தது நீங்கள்தானே, நானில்லையே!"

இரண்டு பேரும் திரும்ப முயன்றார்கள். முழங்கை முழங்கையில் இடித்தது. சகடை மேலே மூன்றாவது வட்டம் போட்டது. அதைவிட உள்ளே சத்தம் கூடுதலாக இருந்தது.

"வாயை மூடுறியளோ ரெண்டு பேரும்!" என்று அக்கினேசம்மா கத்தினார். "புருசன், பெண்சாதி, ரிக்கற்! அந்த மாமியாரைப் பற்றி ஆரும் ஒரு சொல்லுக் கதைச்சனியளோ?"

 "உனக்கெப்பிடித் தெரியும் மாமியாரை?" என்று கிறிஸ்துநாயகம் மெல்லக் கேட்டார்.

"நாங்கள் வாசிச்சனாங்கள்," என்றார் குணலட்சுமி. "எப்பிடியெண்டு கேக்க வேண்டாம்."

"ஓம் குணமக்கா, நீங்களே சொல்லுங்கோ," என்று அக்கினேசம்மா தொடர்ந்தார். "இவ்வளவு காலமும் அந்தக் கிழவிதானே அவளுக்குத் துணையா இருந்தது? அதுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் வண்டி ஏறிறதோ?"

"ஏன் சொல்லவேணும்? கிழவிக்குத் தெரியும்," என்றார் குணலட்சுமி.

"என்னக்கா தெரியும்?"

"அவள் போகப்போறாளெண்டு தெரியும். கிழவிதான் அனுப்பினது. விடியக் கட்டுச்சோறு கட்டிக் குடுக்கேக்கை என்ன சொல்லுது? 'வழிக்கு இருக்கட்டும்.' நடந்து போய் வாற ஸ்ரேசனுக்குக் கட்டுச்சோறு என்னத்துக்கு?"

"அது மகனுக்கு! பசியோடை வாற பிள்ளைக்கு!"

"மகனுக்குத்தான் வீட்டிலை உலை வைச்சிருக்கே!"

"தாய்மனம் உங்களுக்கு விளங்கேல்லை, குணமக்கா."

"எனக்கு விளங்கேல்லையோ? மூண்டு பிள்ளை பெத்த எனக்கோ?"

"மூண்டு பெத்தென்ன, கிழவியை விட்டிட்டுப் போனதைச் சரியெண்டுறியளே!"

இப்போது ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கட்டுச்சோற்றை இரண்டு பேருமே கவனித்திருக்கவில்லை. சகடை எப்போது போனதென்றும் யாரும் கவனிக்கவில்லை.

குண்டு விழுந்தால் முதலில் சைக்கிளில் ஓடிவருகிற மனிதர் ஆழ்வாப்பிள்ளை. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். சாமான் வராத சங்கக்கடையில் வேலை குறைவானபடியால், ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும் முன்னுக்கு நிற்பார். அன்றும் ஒழுங்கை ஒழுங்கையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், தியாகலிங்கத்தின் வாசல் படலையடியில் வரும்போது பங்கருக்குள்ளிருந்து அக்கினேசம்மாவின் குரலைக் கேட்டார்.

"அந்தக் கிழவியைத் தனிய விட்டிட்டு வாறதோ! அடுப்பிலை உலை கொதிக்குது! ஆர் இறக்கிறது? ஆர் அதைப் பாக்கிறது?"

 வலிவடக்கிலிருந்து இடம்பெயர்ந்த சனம் அந்நாளில் எல்லார் வீட்டிலும் இருந்தது. தியாகலிங்கம் வீட்டுக்கும் ஒரு வயதுபோன சொந்தக்காரி வந்திருக்க வேண்டும் என்று ஆழ்வாப்பிள்ளை நினைத்தார். பயத்தில் இவர்கள் அவரை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். சைக்கிளைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினார். குசினியில் உண்மையாகவே உலை கொதித்துப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. வெறுங்கையால் பானையை இறக்கி விரலைச் சுட்டுக்கொண்டார்.

"ஆச்சி! பயப்படாதையுங்கோ! நான் ஆழ்வான்!"

பதில் இல்லை. அறைக்குள் பார்த்தார். கதவு மறைவில் பார்த்தார். நெல்லு மூட்டை அடுக்கிய கோர்க்காலிக்குப் பின்னால் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே தவழ்ந்து போய், அங்கே இருந்த பூனையிடம் கையில் பிறாண்டல் வாங்கினார். கிணற்றையும் எட்டிப் பார்த்தார். 

பங்கர் வாசலில் வந்து குனிந்தபோது அவருடைய முகமெல்லாம் கரியும் ஒட்டடையுமாக இருந்தது. உள்ளே இன்னும் சண்டை.

"கிழவியைக் காணேல்லை!" என்று கத்தினார்.

நாலு முகமும் திரும்பின.

"எந்தக் கிழவி?" என்று தியாகலிங்கம் கேட்டார்.

"உங்கடை வீட்டுக் கிழவி! தனிய விட்டிட்டு வந்ததெண்டு உவ கத்தினாவே! முழு வீடும் தேடிப்போட்டன், கிணத்துக்கையும் பாத்தன், ஆளில்லை!"

 அக்கினேசம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "அது வந்து, ஆழ்வாண்ணை, சௌந்தரவல்லியின்ரை மாமியார்."

"எந்தச் சௌந்தரவல்லி? எந்த ஒழுங்கை?"

"ஒரு ஒழுங்கையுமில்லை. புத்தகத்திலை," என்றார் கிறிஸ்துநாயகம்.

ஆழ்வாப்பிள்ளை சுட்ட விரலைப் பார்த்தார். பூனை பிறாண்டிய கையைப் பார்த்தார். "குண்டு போட்டுக்கொண்டு போறான். நீங்கள் புத்தகத்துக் கிழவிக்காக அடிபடுறியள். நான் அதுக்காகக் கட்டிலுக்குக் கீழை தவண்டு வாறன்." போகத் திரும்பியவர், இரண்டடி வைத்துவிட்டு நின்றார். "எங்கை அந்தப் புத்தகம்? தாருங்கோ. நான் இவ்வளவு பாடுபட்டுத் தேடினவள் எப்பிடிப்பட்டவளெண்டு நானும் பாக்க வேணும்."

அன்றோடு ஆண்களின் கோபம் ஆறிவிட்டது. தியாகலிங்கம், "அண்டைக்கு வாய் தவறிப் போச்சுது, நாயகம்," என்றார். கிறிஸ்துநாயகம், "உதை விடுங்கோ அண்ணை, கட்டுச்சோத்தை எப்பிடித் தவறவிட்டம் எண்டு சொல்லுங்கோ," என்றார். ஆனால் பொட்டுத் திறபடவில்லை. இப்போது குணலட்சுமியும் அக்கினேசம்மாவும் கதைப்பதில்லை. காவோலையைத் தொட்டால் சோறில்லை என்று இரண்டு வீட்டிலும் உத்தரவு. கிறிஸ்துநாயகம் மாமரத்தடிக்கு வருவதென்றால் ஒழுங்கையைச் சுற்றிப் படலையால், பொலிசுக்குப் பயந்த லொறிக்காரன்போல, முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு வரவேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆழ்வாப்பிள்ளை புத்தகத்தோடு வந்தார். இரண்டு வீட்டாரும் வந்தாலொழிய வாய் திறக்கமாட்டேன் என்று வாங்கில் இருந்துவிட்டார். அக்கினேசம்மா வந்து வாங்கின் ஒரு அந்தத்தில் நின்றார். குணலட்சுமி மற்ற அந்தத்தில் நின்றார். இரண்டு பேரும் மாமரத்தைப் பார்த்தார்கள்.

ஆழ்வாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "நீங்கள் நாலு பேரும் பிழை. வண்டியாலை இறங்கினது அவளின்ரை புருசனில்லை."

"என்ன?" என்றார்கள் நாலு பேரும்.

"புருசனெண்டு எங்கை கிடக்கு? தோல் பெட்டியோடை ஒருவர் இறங்கினார் எண்டு கிடக்கு. ஆரோ ஒருவர். புருசன் வரேல்லை. தந்தி அடிச்சவன் வரேல்லையெண்டபடியாத்தான், அவனைத் தேடிக்கொண்டு அவள் வண்டி ஏறிறாள். புருசனை விட்டிட்டுப் போகேல்லை, புருசனைத் தேடிப் போறாள். பாவம், பர்மா மட்டும் போயிருப்பாள்."

 நாலு பேரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள்.

"விசர்க்கதை கதையாதையும்!" என்றார் தியாகலிங்கம்.

"தந்தியிலை நாள், வண்டி எல்லாம் கிடக்கு! வேறை ஆர் வாறது?" என்றார் கிறிஸ்துநாயகம்.

"வராத புருசனைத் தேடவோ அவள் அந்த வண்டியிலை ஏறினவள்? குணமக்கா, நீங்கள் சொல்லுங்கோ உவருக்கு!" என்றார் அக்கினேசம்மா.

"சொல்லுறன் பொறு! ஆழ்வாண்ணை, அவள் அவனை ஒருக்காப் பார்த்தாளெண்டு கிடக்கு. ஆரோ ஒருத்தனை ஏன் பாக்கிறாள்? அக்கினேசு, அந்தப் பக்கத்தை எடு!"

அக்கினேசம்மா எடுத்தார். குணலட்சுமி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இரண்டு தலையும் ஒட்டியபடி ஒரு விரலால் வரிவரியாகத் தேடின. ஆழ்வாப்பிள்ளை அசையவில்லை. பொழுதுபட்டுப் பூச்சி கத்தும்வரை ஒரு ஆளாக நின்று நாலு பேரோடும் வாதாடினார். போகும்போது, "உங்களுக்கு வாசிக்கத் தெரியாது," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபிறகு நாலு பேரும் வெகுநேரம் அவரைத் திட்டினார்கள். அவ்வளவு சந்தோஷமாக அவர்கள் இருந்து பல நாளாகியிருந்தது. வீட்டுக்குப் போக எழுந்த அக்கினேசம்மா ஒழுங்கையைச் சுற்றவில்லை. காவோலை இரண்டையும் காலால் தள்ளிவிட்டு நேரே போனார். மறுநாள் குணலட்சுமி அவற்றை வெட்டி அடுப்பெரித்தார்.

இரண்டு நாள் கழித்து, கழுவிய அரிசியை உலையில் போட்டுவிட்டு வெளியே வந்த குணலட்சுமி, புருஷன் மாமரத்தடியில் புத்தகத்தை மூக்கோடு பிடித்துக்கொண்டு இருப்பதைக் கண்டார்.

"என்ன பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லை." தியாகலிங்கம் புத்தகத்தை மூடப்போய், மூடாமல் விட்டார். "ஆழ்வான் சொன்னது விசர்க்கதைதான்."

"ஓம், விசர்க்கதை."

"ஆனா புருசனெண்டு ஒரு இடத்திலையும் இல்லையப்பா."

குணலட்சுமி ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். "இல்லைத்தான். நானும் நேற்றுப் பாத்தனான். அதோடை அந்தக் கட்டுச்சோறு..."

"ஓம், தேடிப் போறாளெண்டா வழிக்கு வேணும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குணலட்சுமி வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். "முதல்லை இருந்து வாசியுங்கோ பாப்பம். சத்தமா வாசியுங்கோ, எனக்குக் கண்ணாடி உள்ளுக்கை."

தியாகலிங்கம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு முதல் வரியைத் தொடங்கினார். அது முடியுமுன்னே வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிறிஸ்துநாயகத்தின் குரல் கேட்டது.

"கொஞ்சம் பொறுங்கோ தியாகண்ணை, தொடங்காதையுங்கோ. இவ மீனுக்குப் புளி விட்டுக்கொண்டு நிக்கிறா. இந்தா வாறம்."